உபதேசியாரின் செபமாலையை நான் நீட்டியது

ஒரு குரலைக் கம்ப்யூட்டரில் வைத்து நீட்டினால், கூடுதலாக வருகிற அந்த நேரம் யாருடையது? இதைப் பலரிடம் கேட்டுவிட்டேன். மாதா கோயில் சாமியாரிடம் கேட்டேன், என் முதலாளியிடம் கேட்டேன், திருச்சியிலிருந்து சாஃப்ட்வேர் போட வந்த தம்பியிடமும் கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை என்றும் இருக்கலாம். நான் பத்தாவது தேறாதவன்.

தஞ்சாவூரில் ஒரு பக்திப் பாடல் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்த்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பிரபு போன வாரம் போன் செய்தார். "அண்ணே, புதுசா ஒண்ணு வந்திருக்கு. பாட்டைப் போட்டா குரல் தனியா, தவில் தனியா பிரிச்சுக் கொடுக்குது. எவ்வளவு நீட்டினாலும் கேக்குறவங்களுக்குத் தெரியாது. அந்தச் செபமாலையை இதெல்லாம் இல்லாம எப்படிண்ணே நீட்டினீங்க? எழுதிக் கொடுங்க, நம்ம ஆளுங்க படிக்கட்டும்" என்றார். எழுத உட்கார்ந்தால், எப்படி நீட்டினேன் என்பது நன்றாகவே நினைவிருக்கிறது. எதை நீட்டினேன் என்பதில்தான் குழப்பம். ஆண்டவர் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

அந்த ஸ்டூடியோவில் நான் சேர்ந்தது கேசட் காப்பி எடுக்கிற வேலைக்கு. பிறகு மைக் ஒயர் சுற்றினேன், ரீல் ஓட்டினேன், பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டப் பழகினேன். எப்படிப் பழகினாய் என்று கேட்டால் பழகிவிட்டது, அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முருகன் பாட்டு, மாதா பாட்டு, நாகூர்ப் பாட்டு எல்லாம் அவர் முன்னால்தான் பதிவாகும். பாடுகிறவரிடம் "சரியில்லை" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நாலாக மடிப்பார், பிறகு எட்டாக. இனி மடிக்க முடியாது என்று ஆனதும் மைக்கை அழுத்தி, "ஒரு டீ சாப்பிடலாமா?" என்பார். மறுபடி முதலிலிருந்து பாடு என்று அதற்கு அர்த்தம். பழகினவர்களுக்குத் தெரியும். கும்பகோணத்துப் பாடகர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு, "பாய், இதுக்கு மேல டீ குடிச்சா வயிறு தாங்காது. அடுத்த தடவை சரியாப் பாடிடுறேன்" என்றார். பாய் சிரிக்கவில்லை. "பால் இல்லாம போடச் சொல்றேன்" என்றார்.

டேப் காலத்தில் நேரத்தை நீட்டவேண்டும் என்றால் மோட்டார் வேகத்தைக் குறைக்கவேண்டும். குறைத்தால் குரல் தடிக்கும். பெண் பாடினால் ஆண் மாதிரி இருக்கும், ஆண் பாடினால் மாடு கத்துவது மாதிரி இருக்கும். வேகத்தைக் கூட்டினால் கீச்சுக்குரல். இதில் எனக்குக் குழப்பமே இல்லை. சைக்கிளை மெதுவாக மிதித்தால் விளக்கு மங்கத்தானே செய்யும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் குழப்பம். திருச்சித் தம்பி வந்து சாஃப்ட்வேரைப் போட்டு, ஒரு மாதா பாட்டின் ஓரத்தைப் பிடித்து ரப்பர் மாதிரி இழுத்தார். பாட்டு நீண்டது, குரல் தடிக்கவில்லை. அதே அம்மா, அதே சுருதியில், ஆனால் நிதானமாகப் பாடினார்.

"எப்படித் தம்பி?"

"குரலைப் பொடிப்பொடியா நறுக்கும் அண்ணே. கண்ணு இமைக்கிற நேரத்தைவிடச் சின்னத் துண்டு. சில துண்டை ரெண்டு தடவை வைக்கும். ஓரத்தை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி இழைச்சு விட்டுடும்."

"ரெண்டாவது தடவை வைக்கிறதை யார் பாடினது?"

"அதே அம்மாதான்."

"அவங்க ஒரு தடவைதானே பாடினாங்க?"

"அண்ணே, நீங்க இழுத்துப் பழகுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இழுத்துப் பழகினேன். முதலில் மாட்டியது திருவாரூரிலிருந்து வந்த ஒரு வேலை. தேர் சம்பந்தமான பாட்டு, நாயனமும் தவிலும் கலந்தது. பாட்டைக் கொண்டுவந்தவர், "தேர் அசைஞ்சு வர்ற மாதிரி இல்லை, வேன் வர்ற மாதிரி இருக்கு, நிதானமாக்கிக் கொடுங்க" என்றார். மொத்தமாகப் பிடித்து இழுத்துவிட்டேன். நாயனம் அழகாக நீண்டது. தவில்காரர் வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டார். நெற்றி சுருங்கியது. "இது என் கைதான். ஆனா கூடவே இன்னொரு கை வாசிக்குதே, அது யாரு?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு அடியும் இரண்டு அடியாக விழுந்திருந்தது. அடி விழுகிற துண்டையும் அந்த மெஷின் இரண்டு தடவை வைத்துவிட்டது. நீளுகிற சத்தம் வேறு, விழுகிற சத்தம் வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு அடியையும் தனியாக வெட்டினேன். அடியைத் தொடாமல் அப்படியே வைத்து, அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிற அதிர்வை மட்டும் இழுத்தேன். கண் எரிந்தது. தவில்காரர் மறுபடி கேட்டுவிட்டு, "இப்ப அந்த ஆள் போயிட்டான்" என்றார். எனக்கு நிம்மதிதான். ஆனால் வந்தவன் யார், போனவன் யார் என்று யோசித்தால் தலை சுற்றும்.

பாயிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்தப் பாட்டையும் நீட்டலாம், குறைக்கலாம். குர்ஆன் ஓதிய பதிவு வந்தால் மட்டும் நீளத்தைத் தொடவிடமாட்டார். "எங்கள்ல ஓதும்போது எந்த எழுத்தை எவ்வளவு நீட்டணும்னு அளவு இருக்கு சூசை. அதை மெஷின் கையில கொடுக்க முடியாது" என்பார். ஒருமுறை, "உங்க செபத்துக்கு அப்படி அளவு உண்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் கேட்கலாம் என்று நினைத்து மறந்துபோனேன்.

இனி செபமாலைக்கு வருகிறேன். எங்கள் ஊர் வெண்ணாற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. மாதா கோயில் சின்னது. சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாள் சாயங்காலம் ஊர்ச்சனமே கூடிச் செபமாலை சொல்லுவோம். முன்னால் நிற்பவர் "அருள் நிறைந்த மரியே" என்று முன்பாதியைச் சொல்ல, சனங்கள் "புனித மரியே" என்று தொடங்கி, "பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்" என்று பின்பாதியைச் சொல்லி ஆமென் போடவேண்டும். மணியை உருட்டி முடிக்கிற வரை திரும்பத் திரும்ப இதுதான்.

முன்னால் நிற்பவர் சவரிமுத்து உபதேசியார். உபதேசியார் என்றால் சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு அக்கம்பக்கத்து ஊர்களும் பொறுப்பு. ஒரே சாயங்காலத்தில் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. அவர் சொல்வதைக் கேசட்டில் எடுத்துவிட்டால் ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் பாயிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன்.

அது டேப் காலம், நடவு நேரம். பெண்கள் டவுனுக்கு வர முடியாது என்று மெஷினைக் கோயிலுக்கே எடுத்துப்போனோம். வயலிலிருந்து நேராக, காலில் சேறு காயாமல் வந்து உட்கார்ந்தார்கள். உபதேசியார் சாதாரண நாளிலேயே வேகமாகச் சொல்லுவார், நடவு நாளில் கேட்கவே வேண்டாம். "மெயில் வண்டி" என்று அவருக்குப் பெயர். பாய் வெளியே மரத்தடியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். மாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடித்ததும், எட்டாக மடித்த கைக்குட்டையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"உபதேசியாரே, ஒரு டீ சாப்பிடலாமா?"

"டீயெல்லாம் வேணாம் பாய். இதுகள் போய் உலை வைக்கணும். நீங்க குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள முடிச்சிடுறோம்."

பாய் என்னைப் பார்த்தார். செபத்தை நிறுத்தி, உபதேசியாரிடம் போய், நீங்கள் சொல்வது சரியில்லை என்று யார் சொல்வது? பாய் மரத்தடிக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்த மெயில் வண்டியே பதிவாகி, கேசட்டிலிருந்து சிடிக்குப் போய், பென் டிரைவுக்கு வந்து, தினம் சாயங்காலம் எங்கள் கோயில் ஸ்பீக்கரில் ஓடியது. முன்பாதியில் அவர் குரல், பின்பாதியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பெண்களின் குரல். நாங்கள் அதோடு சேர்ந்து சொல்லுவோம். உபதேசியாரும் வயதான பிறகு சனத்தோடு உட்கார்ந்து தன் குரலுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மாதா புண்ணியத்தில் பிழைத்து வந்தார். கையும் காலும் ஓரளவு சரியாயின. நாக்குதான் தடித்துப்போயிற்று, வார்த்தை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தது. கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நடக்க முடியவில்லை போல என்று நினைத்து, ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன்.

"நடக்க முடியுதுப்பா" என்றார், மெதுவாக. "அவன்கூட ஓடத்தான் முடியல."

"யார்கூட ஐயா?"

வாசல் பக்கம் கையைக் காட்டினார். ஸ்பீக்கரில் அவர் குரலே கேட்டுக்கொண்டிருந்தது.

"அவன்தான். நான் 'பாவிகளாய் இருக்கிற'ன்னு வர்றதுக்குள்ள அடுத்ததைத் தொடங்கிடுறான். ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து கோயில்ல ஒரு ஆமென்கூட நான் சொல்லலை சூசை. எல்லாத்தையும் பாதியில விட்டுடறேன். வீட்டுல தனியா உக்காந்து சொல்லலாம், சொல்றேன். ஆனா சனத்தோட உக்காந்து முழுசாச் சொல்லணும். சொல்லாமலே போய்ச் சேந்துடுவேனோன்னு பயமா இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவனைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு. உனக்கு அதுதானே வேலை?"

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆரோக்கியத்திடம், அதாவது என் மனைவியிடம், விஷயத்தைச் சொன்னேன்.

"இத்தனை வருஷமா எங்களை மெயில் வண்டியில ஏத்திட்டு, இப்ப மாட்டு வண்டிக்கு மாறச் சொல்றாராக்கும். சீரியல் ஆரம்பிச்சிடுமே, பொம்பளைங்க ஒத்துக்குவாங்களா?" என்றாள். கொஞ்சம் கழித்து அவளே, "பாவம், செஞ்சு கொடுங்க" என்றாள்.

சாமியாரிடமும் உத்தரவு கேட்டேன். "கடவுள் கடிகாரம் பாக்குறதில்லை சூசை. ஆனா ரொம்ப நேரம் இழுக்காம பாத்துக்குங்க" என்றார். அப்படியே, மெஷின் நீட்டுகிற செபத்தில் கூடுதலாக வருகிற நேரம் சொன்னவர் கணக்கா, மெஷின் கணக்கா, அதுவும் செபத்தோடு சேருமா என்று கேட்டேன். "நல்ல கேள்வி" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

உபதேசியாரை ஆட்டோவில் ஸ்டூடியோவுக்கே கூட்டி வந்தேன். பாய்க்கும் வயதாகிவிட்டது, ஆனாலும் காலையில் வந்து உட்கார்ந்துவிடுவார். முதலில் செபமாலையை மொத்தமாக இழுத்து, அவர்கள் இருவருக்கும் போட்டுக் காட்டினேன். உபதேசியார் கேட்டுவிட்டு, "ஏப்பா, நான் வாழ்நாள்ல குடிச்சதில்லை. குடிச்சிட்டுக் கோயிலுக்கு வந்த மாதிரில இருக்கு" என்றார். பின்பாதி அதைவிட மோசம். ஒரு குரல் என்றால் எங்கே வெட்டலாம் என்று மெஷினுக்குத் தெரிகிறது. ஒருத்தி முடிக்கும்போது இன்னொருத்தி தொடங்குகிறாள், ஒருத்தி இருமுகிறாள், பிள்ளை அழுகிறது. எதை வெட்டுவது, எதை இரட்டிப்பது என்று அது தடுமாறி, எல்லாப் பெண்களையும் கிணற்றுக்குள் இறக்கிவிட்டது.

கைக்குட்டை எட்டாக மடிந்தது. "உபதேசியாரே, ஒரு டீ சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம் பாய். இப்பல்லாம் எனக்கு அவசரமே இல்லை."

டீ வந்தது. உபதேசியார் ஒரு பக்க வாயால் மெதுவாகக் குடித்தார். பாய் என் பக்கம் குனிந்து, "ஒருத்தரை நீட்டலாம் சூசை. ஊரை எப்படி நீட்டுவே? அந்தப் பொம்பளைங்க குரலை எடுத்துடு" என்றார்.

"எடுத்தா யார் பாய் பதில் சொல்றது?"

"கோயில்ல ஆளுங்க இருப்பாங்கல்ல?"

அதுவும் சரிதான் என்று பட்டது. வேலையை ஆரம்பித்தேன். முன்பாதியை வார்த்தை வார்த்தையாக, பிறகு எழுத்து எழுத்தாகப் பிரித்தேன். க, ட, ப போன்று தட்டி விழுகிற எழுத்துகளைத் தொடவில்லை, அவை தவில் அடி மாதிரி. "மரியே" என்பதில் வருகிற ஏகாரத்தையும், "வாழ்க" என்பதில் வருகிற ஆகாரத்தையும் மாத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அவர் மூச்சு வாங்குகிற இடத்தை இழுத்தால் மலை ஏறுகிறவர் மாதிரி கேட்டது. அதனால் மூச்சையும் அப்படியே விட்டேன். குடித்த சாயல் போய், நிதானமான ஆள் ஒருவர் வந்தார். பாய் கைக்குட்டையைப் பையில் வைத்தார்.

அடுத்து இடைவெளி. எவ்வளவு விடுவது? உபதேசியாரையே மைக் முன்னால் உட்காரவைத்துப் பின்பாதியைச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நீளம் வந்தது. "இறப்பின்" என்ற இடத்தில் மட்டும் எல்லாத் தடவையும் நாக்கு நின்றுவிட்டது. அங்கே கண்ணை மூடி, எச்சில் விழுங்கி, பிறகுதான் "வேளையிலும்" வரும். அவர் எடுத்ததிலேயே அதிக நேரத்தை அளவாக வைத்தேன்.

இடைவெளியை வெறுமையாக விட முடியாது. திடீரென்று சத்தமே இல்லாமல் போனால் கரண்ட் போய்விட்டது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். பழைய டேப்பின் தொடக்கத்தில், யாரும் பேசுவதற்கு முன்னால், கோயிலின் வெறும் சத்தம் கொஞ்சம் இருந்தது. மின்விசிறி, எங்கோ ஒரு குருவி, பெண்கள் சேலையைச் சரிசெய்கிற சரசரப்பு. குருவியை வெட்டிவிட்டு மீதியை இடைவெளி அளவுக்கு இழுத்தேன். அது எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் நீண்டது. இருக்கிற குரலை நீட்ட அத்தனை பாடு. ஒன்றும் இல்லாததை இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வருகிறது. இதுவும் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் போட்டோம். உபதேசியார் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். ஏதோ மாறியிருக்கிறது என்று சனத்துக்குத் தெரியும், என்ன என்று தெரியாது. முன்பாதி நிதானமாக வந்தது. சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முன்பாதி முடிந்தது, இடைவெளி வந்தது.

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கோயில் நிறைய ஆள் இருந்தார்கள். எல்லோர் வாயும் அசைந்தது, சத்தம் இல்லை. ஸ்பீக்கரில் அந்தப் பெண்கள் சொல்வார்கள், நாம் கூடவே உதட்டை அசைத்தால் போதும் என்று இத்தனை வருஷமும் இருந்திருக்கிறோம் போல. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் என் இடைவெளி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதியில் உபதேசியாரின் தடித்த குரல் மட்டும் கேட்டது. "புனித... மரியே..." இறப்பின் என்ற இடத்தில் நின்றது. ஊரே அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எச்சில் விழுங்கினார். "வேளையிலும்" வந்தது. ஆமென் வரைக்கும் தனியாகவே சொல்லி முடித்தார். முடித்த பிறகுதான் அடுத்த "அருள் நிறைந்த" தொடங்கியது.

அவர் முகம் சிவந்திருந்தது. தனியாகக் குரல் கேட்டதில் வந்த வெட்கமா, முழுசாகச் சொல்லிவிட்ட சந்தோஷமா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த தடவை பெண்கள் பக்கத்திலிருந்து ஆரோக்கியம் குரல் கொடுத்தாள். அதற்கடுத்து இன்னும் சில பேர். ஒத்துச் சொல்ல ஸ்பீக்கரில் ஆள் இல்லாததால், கோயிலில் கேட்கிற ஒரே நிச்சயமான குரலைப் பிடித்துக்கொண்டார்கள். அது உபதேசியார் குரல். அவர் இழுத்த இடத்தில் இழுத்தார்கள். அவர் நின்ற இடத்தில் நின்றார்கள். மாலையின் கடைசிப் பத்து மணிகளுக்கு வரும்போது கோயிலே "இறப்பின்" என்று சொல்லி நிறுத்தி, எச்சில் விழுங்கிவிட்டு, "வேளையிலும்" என்றது.

சில மாதம் போயிற்று. நான் ஓய்வு பெற்றேன். தினம் சொல்லிச் சொல்லியோ, மாத்திரையாலோ, மாதாவின் இரக்கத்தாலோ, உபதேசியாரின் நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒருநாள் கம்பு இல்லாமலே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சூசை, ஊர் ரொம்ப இழுக்குதுப்பா. நான் முடிச்சிட்டு உக்காந்திருக்கேன், இவங்க இன்னும் இறப்பிலேயே நிக்கிறாங்க."

"வேகமாக்கிடலாமா ஐயா? பிரபுகிட்ட சொன்னா ஒரு நிமிஷ வேலை."

உள்ளேயிருந்து ஆரோக்கியம் வந்தாள். "அதுல யாரும் கை வைக்கக் கூடாது. இப்பத்தான் நாங்க என்ன சொல்றோம்னு எங்க காதுல விழுது. அந்த இடத்துல நின்னு மூச்சு விடலைன்னா செபம் சொன்ன மாதிரியே இல்லை."

"அது நிக்கிற இடம் இல்லைம்மா. என் நாக்கு மாட்டிக்கிட்ட இடம்."

"இருக்கட்டுமே. நாங்க நிக்கிறோம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த இடைவெளி அவருக்கு அளவெடுத்தது. இப்போது அது அவருக்குப் பெரிதாகி, ஊருக்குச் சரியாக இருக்கிறது. யாருடைய நேரம் என்று கேட்டால் முன்னைவிட எனக்கு இப்போதுதான் ஒன்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். முன்பாதி முடிந்ததும் அவர் பளிச்சென்று தொடங்கினார், பழைய மெயில் வண்டி போலவே. "இறப்பின்" வரைக்கும் வந்தார். வந்ததும் திரும்பிச் சனத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, அவர்கள் வந்து சேர்கிற வரை காத்திருந்தார்.